ஆறு வேளைப் பால்

1

2022 செப்டம்பர் 20, செவ்வாய்க்கிழமை, சன்னராயபட்டணா தாலுகா மருத்துவமனை. காலை பதினொன்றே முக்கால் மணிக்கு நேத்ராவதி என்ற இருபத்தொன்பது வயதுப் பெண் மனநல மருத்துவரின் மேசைமேல் ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டியை வைத்தார். பால் சொசைட்டியில் மாதிரி எடுக்கும் புட்டி அது. உள்ளே இருந்தது தாய்ப்பால்.

நான் அங்கே இல்லை. பேருந்து நிலையத்தில் இரண்டாவது வடைக்காகக் காத்திருந்தேன். ஒரு நிருபனின் வாழ்க்கையில் முக்கியமான சம்பவங்கள் அவன் சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் நடக்கின்றன. இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக ஒரு மாவட்டப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறேன். தேங்காய் விலை ஏறும் என்று பதினேழு முறை எழுதியிருக்கிறேன். பதினாறு முறை இறங்கியது.

கதை என்னைத் தேடி வந்தது மதியம் ஒன்றரை மணிக்கு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள், கையில் ஒரு காகிதத்தோடு, பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயர் கெம்பம்மா. நேத்ராவதியின் மாமியார்.

"பேப்பர்காரரே, கண்ணாடி வெச்சிருக்கீங்கல்ல? இதுல என் பேரு எங்க இருக்குன்னு கொஞ்சம் விரல் வெச்சுக் காட்டுங்க."

மருந்துச் சீட்டு. வழக்கமான ஆங்கிலக் கிறுக்கலுக்கு மேலே, கன்னடத்தில் தெளிவாக ஒரு வரி: *கெம்பம்மா. இரவு ஒன்பது முதல் இரண்டு வரை. தினமும்.*

"பாத்தீங்களா," என்றார். "முதல்ல நான். மாத்திரை ரெண்டாவதுதான்."

(டாக்டரையும் சேர்த்து மூன்று பெண்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். நேத்ராவதி அனுமதி கொடுத்துவிட்டார். கெம்பம்மாவுக்குத்தான் வருத்தம். "பேரை மாத்திட்டா ஊர்ல எவ நம்புவா?" என்றார்.)

2

இந்தக் கதைக்கு இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் இருந்தன. குப்பையில் போடுவதற்கு முன் உங்களிடம் காட்டிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: *கல்லுகெரேயின் மேல் கருமேகங்கள், ஒரு தாயின் மனத்தைப் போல* — இங்கே நிறுத்தினேன். கேழ்வரகு போட்ட ஊரில் கருமேகத்தைப் பார்த்து யாரும் துக்கப்படுவதில்லை. வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

இரண்டாம் தொடக்கம்: *பிரசவித்த பெண்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்த* — இது கதை இல்லை, கருத்தரங்கு. கடைசியில் தேநீரும் பிஸ்கட்டும் தர வேண்டியிருக்கும்.

மூன்றாம் தொடக்கம்: *நேத்ராவதி கிணற்றை எட்டிப் பார்த்தாள்.*

நல்ல வாக்கியம். அதனால்தான் அடித்தேன். கிணற்றில் தொடங்கும் கதையை, அது கிணற்றிலேயே முடிகிறதா என்று பார்க்காமல் வாசகர் கீழே வைக்க மாட்டார். நீங்களும்தான். இப்போதே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டீர்கள்.

ஆகவே தேதி, இடம், நேரம். ஒன்றும் தோன்றாத நிருபனின் மூன்று கைத்தடிகள்.

3

கதைக்குள் போகும்போது 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். நேரில் அப்படிச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஏன் என்பது இந்தப் பகுதியின் முடிவில் தெரியும்.

கல்லுகெரே மகளிர் பால் சங்கத்தில் நேத்ராவதிதான் பாலைச் சோதிப்பவள். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் பெண்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அவள் ஒரு கரண்டி எடுத்துப் புட்டியில் ஊற்றுவாள், முகர்வாள், லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுக் கண் மட்டத்துக்குக் குனிவாள். அந்த ஒரு நொடி வரிசையில் பேச்சு நின்றுபோகும். தண்ணீர் கலந்தவர்கள் அந்த நேரத்தில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்கள் என்று அவள் என்னிடம் சொன்னாள். பாதி சோதனை அதிலேயே முடிந்துவிடுமாம்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. பசுவுக்கு மடிவீக்கம் வந்து ஊசி போட்டால், மருந்து பாலில் இறங்கும் என்பதால், ஆறு வேளைப் பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த விதி, எல்லாரும் மறக்கப் பார்க்கிற விதி. இரண்டு வருடத்துக்கு முன் கெம்பம்மாவின் பசுவுக்கு ஊசி போட்டார்கள். நான்காவது வேளை கெம்பம்மா கேனோடு வரிசையில் நின்றார்.

"திருப்பிக் கொண்டு போங்க அத்தை. இன்னும் ரெண்டு வேளை பாக்கி."

"நம்ம வீட்டுப் பசு, நேத்ரா."

"அதனாலதான் எனக்கு நல்லாத் தெரியும்."

"அடுத்தவ பசுன்னா என்ன பண்ணுவ?"

"கேட்டுத் தெரிஞ்சுப்பேன்."

வரிசையில் இருந்த இருபது பெண்களும் சிரித்தார்கள். கெம்பம்மா பதினோரு நாள் மருமகளோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், வீட்டில் உப்பு தீர்ந்துபோனதால் பேசினார்.

4

ஜூலை இரண்டாம் வாரம் நேத்ராவதிக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பையன். மூத்தவள் சிந்துவுக்கு ஐந்து வயது. நேத்ராவின் அம்மா உயிரோடு இல்லாததால் பிள்ளைப்பேறு மாமியார் வீட்டில். கெம்பம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. காதைச் சுற்றித் துணி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பூண்டு, சதகுப்பைக் கீரைக் குழம்பு, மிளகுச் சாறு.

நான்காவது வாரத்தில் நேத்ரா கீரைக் குழம்பை மறுக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. தட்டு முன்னால் இருக்கும். குழந்தை அழும். அவள் எடுப்பாள், பால் கொடுப்பாள், படுக்க வைப்பாள். எல்லாம் முறைப்படி நடந்தது. சங்கத்தில் கேனை வாங்கி, ஊற்றி, கேனைத் திருப்பிக் கொடுப்பது போல. குழந்தை தூங்கும்போது அவளுக்குத் தூக்கம் வராது. குழந்தை சிரித்தபோது, இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தாள்.

[இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். பதினான்கு வரி. சுவரில் சாய்ந்து, முழங்காலில் முகம் புதைத்து, வெளியே பசு கத்த. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. பிறகு சங்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கன்னடத்தில் மாற்றி மாற்றி நேத்ராவதிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் அழலியே."

"கதைக்காக..."

"அழுகை வரலை. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அதுதான் வியாதியே." பிறகு, "இந்த இடத்துல தண்ணி கலந்திருக்கீங்க" என்றார்.

பதினான்கு வரியையும் கொட்டிவிட்டேன். தலைப்பைச் சரிசெய்துகொள்ள என்னிடம் சேலை இல்லை.]

5

குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைக்க வந்த ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர் நேத்ராவைப் பார்த்துவிட்டு யோகேஷிடம் தனியாகப் பேசினார். யோகேஷ் நேத்ராவின் கணவன். தேங்காய் ஏற்றும் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். நல்லவன், தலையாட்டி. தலையாட்டுவதில் உள்ள ஆபத்து பின்னால் வரும்.

செப்டம்பர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஹாசனிலிருந்து மனநல மருத்துவர் வரும் நாள். டாக்டர் தஸ்னீம் பானு. வெளியே வராந்தாவில் அறுபது பேர்.

டாக்டர் முதலில் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. காலையில் முதல் கறவை எத்தனை மணிக்கு, பெரியவளைப் பள்ளிக்கு யார் அனுப்புகிறார்கள், குழந்தை எத்தனை முறை எழுகிறது, அப்போது யார் எழுகிறார்கள் என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் நேத்ரா, எல்லாவற்றுக்கும்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது இதுக்கு நேர்மாறா இருந்திருக்கீங்களா? தூக்கமே இருக்காது, ஆனா களைப்பும் இருக்காது. உலகத்தையே புரட்டிப் போட்டுடலாம்னு?"

"சங்கத் தேர்தல்ல நின்னப்ப."

"எத்தனை நாள் அப்படி?"

"ஒரு நாள். மறுநாள் தோத்துட்டேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது அப்படி உண்டா என்று கேட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டார். பிறகு, காய்ச்சல் உண்டா என்று கேட்கும் அதே குரலில்:

"சாகணும்னு தோணுதா?"

யோகேஷ் நாற்காலியில் நகர்ந்தான். நேத்ரா தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "தோணல. கொல்லைக்குப் போறப்ப கிணத்தடியில கொஞ்சம் நேரம் அதிகமா நின்னுடறேன்."

"குழந்தையை ஏதாவது பண்ணிடுவோம்னு?"

"இல்ல. அவன் வேற யாருக்காவது பொறந்திருக்கலாம்னு."

* இந்தக் கேள்விகளை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. போனில் கூப்பிட்டபோது, "என்கிட்ட வர்றவங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றார். "ஆனா உங்க கதையில வர்ற டாக்டர் தப்பா மருந்து எழுதினா என்னைக் கூப்பிடுங்க." அன்றிலிருந்து நாங்கள் என் கதையில் வரும் டாக்டரைப் பற்றி மட்டும் பேசுகிறோம். 'நேர்மாறாக இருந்தீர்களா' என்ற கேள்வியை நான் முதலில் எழுதவில்லை. "அதைக் கேக்காம இந்த மாத்திரையை எழுதினா உங்க டாக்டரை நான் வேலையை விட்டுத் தூக்கிடுவேன்," என்றார். சிலரை அந்த மாத்திரை எதிர்ப் பக்கம் தூக்கி எறிந்துவிடுமாம்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். முதல் வாரம் பாதி, அடுத்த வாரம் முழுசு. பதினைந்து நாளுக்கு மட்டும். கிணற்றடிப் பேச்சு வந்த பிறகு அதற்கு மேல் கொடுக்கவில்லை. மாத்திரை வேறு ஒருவர் கையில் இருக்கட்டும் என்றார். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார். கிணற்றடியில் நிற்கிற நேரம் கூடினால் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காமல் எந்த நாளும் வரச் சொன்னார். கடைசியாக, அடுத்த ஆளுக்கு மணி அடித்துக்கொண்டே, எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்த யோகேஷைப் பார்த்து, "தாய்ப்பால் கொடுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றார்.

யோகேஷ் தலையாட்டினான்.

(மாத்திரையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இதைப் படித்துவிட்டு யாராவது மருந்துக் கடைக்குப் போவார்கள். என் வாசகர்கள் மொத்தம் நானூறு பேர். அதில் ஒருவர் போனாலும் போதும்.)

6

வீட்டில் அன்று மாலை. கெம்பம்மா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். யோகேஷ் மாத்திரை அட்டையைக் காட்டினான்.

"தினமும் போடணுமாம்."

"எத்தனை நாளைக்கு?"

"மாசக் கணக்குல ஆகலாமாம்."

கெம்பம்மா அவரைக்காயை வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப குழந்தைக்கு?"

"பால் குடுக்கலாமாம். டாக்டர் சொன்னாங்க."

"டாக்டரம்மா மாடு வெச்சிருக்காங்களா?"

"அம்மா."

"இல்ல, கேக்கறேன். ஒரு ஊசி போட்டதுக்கு ஆறு வேளைப் பாலை என் கால்ல கொட்டச் சொன்னா உன் பொண்டாட்டி. ஊரே சிரிச்சுது. தினம் மருந்துன்னா எத்தனை வேளை கொட்டணும்? நீ சொல்லு நேத்ரா. உன் விதிதானே."

உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த நேத்ரா இரண்டு வாரமாக எந்த விவாதத்திலும் கலந்துகொள்ளாதவள். இப்போது தலையைத் திருப்பினாள்.

"அத்தை சொல்றது சரிதான்," என்றாள்.

கெம்பம்மா இதை எதிர்பார்க்கவில்லை. எட்டு வருடத்தில் முதல்முறையாக மருமகள் அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறாள். ஜெயித்த முகத்தோடு நிற்பதா, பயந்த முகத்தோடு நிற்பதா என்று தெரியாமல் மறுபடி அவரைக்காயை எடுத்துக்கொண்டார்.

நேத்ராவின் கணக்கு எளிமையானது. மருந்து போட்ட பால் தேறாது. பால் வேண்டுமென்றால் மருந்து கூடாது. அவளுக்கு வேண்டாதது அவளே, வேண்டியது பால். மறுநாள் காலை யோகேஷ் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினான். அவள் வாங்கி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்தாள். அவன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனான். மாத்திரை நாக்கின் அடியில் இருந்தது.

7

இங்கே எனக்கு ஒரு மகத்தான காட்சி தோன்றியது. இரண்டாவது முறை போகும்போது டாக்டர் நேத்ராவிடம் கேட்கிறார்: "அந்த ஆறு வேளைப் பாலை என்ன பண்ணுவீங்க?" நேத்ரா: "கன்னுக்குட்டிக்கு விட்டுடுவோம்." டாக்டர், புன்னகையோடு: "கன்னுக்கு ஏதாவது ஆச்சா?" நீண்ட அமைதி. ஜன்னலில் வெளிச்சம். நேத்ரா புரிந்துகொள்கிறாள்.

எழுதிவிட்டு வீட்டுக்குள் இரண்டு முறை நடந்தேன். மனைவியிடம் வாசித்தேன். அவள் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். டாக்டரைக் கூப்பிட்டேன்.

"உங்க கதையில வர்ற டாக்டர் அப்படிச் சொன்னா, நிஜத்துல ஒரு மாட்டு டாக்டர் வந்து என்னை அடிப்பார்," என்றார். "அந்தப் பாலைக் கன்னுக்கும் விடாதீங்கன்னு சொல்லிச் சொல்லி அவங்க தலையால தண்ணி குடிச்சிட்டிருக்காங்க. அது வேற மருந்து, இது வேற மருந்து. தாய்க்கு எழுதறப்ப ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாப் பாக்கணும். சிலது கூடாது, சிலது கொடுக்கலாம். உவமை சொல்லி எல்லாம் மருந்து குடுக்க முடியாது சார்."

"அப்ப உங்க... என் டாக்டர் என்ன பண்ணுவாங்க?"

"முதல்ல தான் என்ன தப்பு பண்ணினோம்னு பாப்பாங்க."

மகத்தான காட்சி போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் வேறு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

8

மறுபடி செப்டம்பர் 20. முதல் பகுதியில் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். மேசைமேல் ஒரு புட்டி என்று சொன்னேன். இரண்டு புட்டிகள்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். பதினான்கு நாளில் மாற்றம் இல்லை. அளவைக் கூட்டலாமா என்று பேனாவை எடுத்தவர், எழுதுவதற்கு முன் நிறுத்தினார்.

"மாத்திரை தவறாம நடக்குதா?"

"தினமும் நானே கையில குடுக்கறேன் மேடம்," என்றான் யோகேஷ்.

"குடுக்கறதைக் கேக்கல. முழுங்கறதைக் கேக்கறேன்."

நேத்ரா பையிலிருந்து முதல் புட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே மாத்திரைகள். பாதிகளும் முழுசுகளும், ஈரம் பட்டு ஓரம் கரைந்தவை. முழுங்காத மாத்திரைக்கு டாக்டர் கணக்கு எழுதுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சோதனைக்காரி. பொய்யான மாதிரியில் புள்ளி போட விடமாட்டாள்.

யோகேஷின் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை. டாக்டர் அவனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. வெளியே பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த கெம்பம்மா, காதை வைக்க வசதியாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"இதை எதுக்குச் சேர்த்து வெச்சீங்க?"

"தூக்கிப் போட்டா கணக்கு தப்பாகும்."

"அவ்வளவுதானா?"

இங்கே ஒரு மௌனம் வருகிறது. எவ்வளவு நேரம் என்று இருவரிடமும் கேட்டேன். கெம்பம்மா, "ஒரு வெத்தலை மடிக்கற நேரம்" என்றார். நேத்ராவதி, "நான் கவனிக்கல" என்றார். நான் ஒரு வரி இடம் விடுகிறேன்.



"முதல்ல கணக்குக்குத்தான்," என்றாள் நேத்ரா. "அப்புறம் புட்டி நிறைய நிறைய, அது இருக்குன்னு ஞாபகம் வந்துக்கிட்டே இருந்தது."

டாக்டர் புட்டியை எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். "சொன்னீங்களே, அது போதும்," என்றார். "அந்த ஞாபகம் வர்றப்ப இனிமே வீட்டுல ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும். யாருகிட்ட சொல்லுவீங்க?"

நேத்ரா யோசித்தாள். "அத்தைகிட்ட."

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது.

பிறகுதான் இரண்டாவது புட்டி வந்தது.

"இன்னிக்குக் காலைல ஆறரைக்கு ஒண்ணு நிஜமாவே முழுங்கினேன். இது பத்தரை மணிப் பால். அவனுக்குக் குடுக்கல, எடுத்துட்டு வந்துட்டேன். சோதிச்சுச் சொல்லுங்க. தேறினா நாளைலேருந்து முழுங்கறேன். தேறலைன்னா என்னை விட்டுடுங்க."

டாக்டர் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூடியில் நேரம் எழுதி ஒட்டியிருந்தது.

"இதை இங்க சோதிக்க முடியாது. எங்கயும் வழக்கமா சோதிக்கறதில்ல. ஏற்கெனவே நிறையத் தாய்மார்கிட்ட எடுத்துப் பாத்து எழுதி வெச்சிருக்காங்க." நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்து நேத்ராவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். "நீங்க முழுங்கறதை உங்க எடைக்கும், அவனுக்குப் போறதை அவன் எடைக்கும் ஈடு பண்ணிப் பாத்தா, நூத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்குதான் போகுது. நூத்துல பத்துக்குக் கீழ இருந்தா பொதுவா குடுக்கலாம்ங்கறது கணக்கு."

நேத்ரா எண்ணைப் பார்த்தாள். லாக்டோமீட்டரைப் பார்ப்பது போல, கண் மட்டத்துக்குக் குனிந்து.

"பூஜ்யம் இல்லையா?"

"இல்ல. பூஜ்யம்னு பொய் சொல்ல மாட்டேன்."

"போன தடவை ஏன் இதைச் சொல்லல?"

"சொன்னேன். உங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன். உங்களைப் பாத்துச் சொல்லியிருக்கணும். தப்பு என்னுது."

நேத்ரா இன்னும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை இல்லாம நீங்க இப்படியே இருந்தா, அதுவும் அவனுக்குப் போய்ச் சேரும்," என்றார் டாக்டர். "பெரியவளுக்கும் போகும். அதுக்கு இத்தனை பங்குன்னு யாரும் எல்லை போட்டு வெக்கல. ரெண்டையும் வெச்சுப் பாத்துத்தான் இதை எழுதினேன்."

"அவனுக்கு ஒத்துக்குதான்னு எப்படித் தெரியும்?"

"வழக்கத்தை விட அதிகமாத் தூங்கறானா, குடிக்க மாட்டேங்கறானா, சிணுங்கிக்கிட்டே இருக்கானா, எடை ஏறுதா. ஏதாவது மாறினா உடனே வாங்க. வாரா வாரம் எடை எழுதிக் கொண்டு வர்றீங்களா?"

"எடைதானே. எழுதலாம்."

[அடுத்து, *அவள் கண்களில் ஒரு மின்னல்* — என்று எழுதினேன். நேத்ராவதியைக் கேட்டேன். "தலை நிமிர்ந்தேன். ரெண்டு மாசமா குனிஞ்சே இருந்ததுல கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்றார். மின்னலை அடித்துவிட்டு, கழுத்தை வைத்துக்கொள்கிறேன்.]

9

டாக்டர் வெளியே இருந்தவர்களை உள்ளே கூப்பிட்டார். கெம்பம்மா கூப்பிடுவதற்கு முன்பே கதவுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தார்.

"ராத்திரி ஒன்பதிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் இவங்க தூங்கணும். வீடே தீப்பிடிச்சாலும் எழுப்பக் கூடாது. மாத்திரையை விட இது முக்கியம். குழந்தையை யாரு பாப்பா?"

"நான் பாக்கறேன் மேடம்," என்றான் யோகேஷ்.

"இவனா," என்றார் கெம்பம்மா. "இடி விழுந்தா ஜன்னலைச் சாத்துங்கன்னு படுத்துக்கிட்டே சொல்லுவான். எழுதுங்க டாக்டரம்மா, நான். எனக்கு எப்படியும் தூக்கம் கிடையாது, சும்மா மாட்டைப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்."

"பாலை முன்னாடியே பீச்சி வெச்சிட்டா, முழிச்சா சங்குல ஊட்டுவீங்களா?"

"ரெண்டு பிள்ளை வளத்தவகிட்ட கேக்கற கேள்வியா இது?" பிறகு, குரல் இறங்கி: "மருந்து போட்ட பாலையா?"

டாக்டர் நேத்ராவைப் பார்த்தார், அவள் சொல்லட்டும் என்று.

"தேறும் அத்தை," என்றாள் நேத்ரா. "எண்ணைப் பாத்தேன். எல்லைக்குள்ளதான் இருக்கு."

கெம்பம்மா மருமகளைச் சிறிது நேரம் பார்த்தார். ஊரில் இவள் ஒரு கேனைத் தேறும் என்று சொன்னால் அது தேறும். அதில் அவருக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. கோபம்தான் இருந்தது.

"அப்ப சீட்டுல என் பேரையும் எழுதுங்க," என்றார். "நாளைக்கு இவன் நான்தான் பாத்தேன்னு சொல்லிக்குவான்."

டாக்டர் எழுதினார். மாத்திரையும் இனி கெம்பம்மாவின் டிரங்குப் பெட்டியில். நேத்ராவின் கையில் கொடுத்தால் மட்டும் போதாது; வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை நடந்ததைக் கெம்பம்மா எனக்கு நடித்தே காட்டினார். நேத்ரா முழுங்கினாள். கெம்பம்மா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினாள்.

"அந்தப் பக்கம்."

காட்டினாள்.

"வரிசையில நின்னா எப்படி இருக்கும்னு இப்ப தெரியுதா?" என்றார் கெம்பம்மா.

10

இனி முடிவு. என்னிடம் நான்கு உள்ளன.

அ) ஆறாவது வாரம். கனகாம்பரம் பூத்திருக்கிறது. நேத்ரா குழந்தையைத் தூக்கிச் சுற்றுகிறாள், குழந்தை சிரிக்க, மாமியார் திருஷ்டி கழிக்க... பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடித்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விளம்பரப் படத்துக்கும் சரியாகப் பொருந்தும்.

ஆ) கிணறு. ஒளிக்க மாட்டேன், எழுதினேன். ஒன்றரைப் பக்கம், ஒரே மூச்சில், ஒரு சொல்லையும் அடிக்காமல் வந்தது. இந்தக் கதையிலேயே அதுதான் நல்ல உரைநடை. உயிரோடு இருக்கிற, எனக்குத் தண்ணீரும் வெல்லமும் கொடுத்த ஒரு பெண்ணைக் கொன்றால்தான் என் பேனா நன்றாக ஓடுகிறது என்று தெரிந்துகொண்ட அன்று மாலை நான் எதுவும் எழுதவில்லை. கிழித்துவிட்டேன். அதில் நல்ல வரிகள் இருந்தனவே என்று இன்னும் இரண்டு முறை நினைத்துக்கொண்டேன்.

இ) டாக்டரின் முடிவு. போனில்: "மூணாவது வாரம் தூக்கம் சீராகலாம். அப்புறம் பசி. மனசு கடைசியாத்தான் வரும். நல்லா ஆனதும் மாத்திரையை நிறுத்திடுவாங்க பாருங்க, அதுதான் பெரிய தலைவலி. நல்லா ஆன பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் போடணும், நிறுத்தறப்பவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"மேடம், இதுல முடிவே இல்லையே."

"முடிவு எதுக்கு சார்? எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இருக்கு."

ஈ) உங்களுடையது. கீழே இடம் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: டிராயரில் பூட்டிய புட்டியை வெளியே எடுக்காமல் எழுதுங்கள். சாவி டாக்டரிடம் இருக்கிறது, கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

11

டிசம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறரை மணிக்குக் கல்லுகெரே போனேன். கடைசியாக ஒரு முறை வாசித்துக் காட்டி, எந்த முடிவைப் போடலாம் என்று நேத்ராவதியிடமே கேட்பது என் திட்டம். அவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். வேலைக்குத் திரும்பி நான்கு நாள். பின்னால் தொட்டிலில் குழந்தை. வரிசையில் பதினெட்டுப் பெண்கள். நான் வருவதற்குள் ஏதோ தகராறு நடந்து முடிந்திருந்தது, சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வரிசையில நில்லுங்க," என்றார் என்னைப் பார்த்து.

நின்றேன். என் முறை வந்தபோது தாள்களை நீட்டினேன். கை ஈரமாக இருப்பதாகச் சொல்லி வாங்கவில்லை. மாத்திரை தொடர்கிறதா என்று கேட்டேன். தொடர்கிறது என்றார். குழந்தையின் எடை ஆறு கிலோ எண்ணூறு. கிணற்றடியைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே, "நேத்து நின்னேன். அத்தைகிட்ட சொன்னேன்" என்றார். அடுத்த கேனை வாங்கினார்.

திரும்பும்போது மேசைமேல் திறந்திருந்த பதிவேட்டைப் பார்த்தேன். அன்றைய காலை வேளையின் ஏழாவது வரி:

*கெம்பம்மா. மூன்றரை லிட்டர். திருப்பி அனுப்பப்பட்டது. பசுவுக்கு ஊசி, நான்காம் வேளை. சோதித்தவர்: நேத்ராவதி.*